இறுங்குச் சேனையும் எழுதாமல் விட்ட பசுவும்

2004 ஒக்டோபர் 5, செவ்வாய்

வெல்லாவெளி பஸ் இன்றைக்கும் வரவில்லை. களுவாஞ்சிக்குடியில் முக்கால் மணி நேரம் நின்று அலுத்து, கடைசியில் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் உரப்பைகளுக்கு நடுவே இன்னொரு பையாகப் போய்ச் சேர்ந்தேன். மகள் விவசாயப் போதனாசிரியர் என்று அம்மா எங்கள் ஊர் நாவற்குடா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா. நான் இறங்கிய கோலத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பெருமை அன்றோடு அடங்கியிருக்கும்.

என் குழுவின் பதினொரு பெண்களும் காடு வெட்டித் திருத்திய சேனை நிலத்தில் காத்திருந்தார்கள். பருவத்தின் முதல் மழை முந்தாநாள் விழுந்துவிட்டது. நான் போன வேகத்திலேயே பிரசங்கத்தைத் தொடங்கினேன். இறுங்கை எல்லாரும் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், விதைக்கவேண்டும். ஒருத்தி பிந்தினாலும் குருத்து ஈ அவளுடைய துண்டில் பெருகி மற்றவர்களுடையதையும் நாசமாக்கும். மருந்து அடிக்காமல் பயிரைக் காப்பாற்ற இதுதான் முதற்படி. (கந்தோரில் உள்ள இந்தியப் புத்தகம் இறுங்கைச் சோளம் என்கிறது. இங்கே சோளன் என்றால் அவித்துத் தின்பது. ஆகவே புத்தகம் என் பையில் இருக்கும். நான் வாசித்து, எங்கள் சொல்லில் மாற்றிச் சொல்லுவேன்.)

குழுவில் வயதில் மூத்த ஆச்சிப்பிள்ளை தலையை ஆட்டினார். "செவ்வாய்க்கிழம விதை போடுறல்ல புள்ள."

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கு அட்டமி."

"வியாழன்?"

"நவமி."

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பயிருக்கு வருகிற ஈ பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அன்னப்பூரணி குறுக்கே வந்தாள். குழுத் தலைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. தங்கமான மனிசி, வாய் மட்டும் வேப்பங்கொட்டை.

"ஏன் மிஸ் கோவிக்கிறீங்க? வெள்ளிக்கிழம எல்லாரும் ஒரே நாளா விதைப்பம். நாளும் நல்லம், உங்கட ஈயும் ஏமாந்து போகும்."

பதினொரு துண்டும் ஒரே நாளில். நான் மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் இப்படி நடந்திருக்காது. பஞ்சாங்கத்துக்கு ஒரு கும்பிடு.

ஒக்டோபர் 10, ஞாயிறு

ஏறாவூருக்குப் போய் பக்கீர் காக்காவின் கருவாட்டுக் கடையில் நின்றேன். உடைந்தது, பழசு, விலைபோகாதது ஏதும் இருந்தால் வேண்டும் என்றேன்.

"ஆருக்கு மிஸ்?"

"ஈக்கு."

என்னை ஒரு தரம், பையை ஒரு தரம் பார்த்தார். குருத்து ஈக்குக் கருவாட்டு மணம் என்றால் உயிர், துளை போட்ட பால்மாத் தகரப் பேணிக்குள் கருவாட்டுத் தூளும் அடியில் சவர்க்காரத் தண்ணீரும் வைத்தால் தானாக வந்து விழும் என்று விளக்கினேன். "எங்கட கடைக்கு ஈ வருது எண்டு சனம் குறை சொல்லுறது வழமை. ஈயை வரச் சொல்லிக் கருவாடு கேட்டு வந்த ஆள் நீங்க மட்டுந்தான்" என்றார். மூன்று உறை போட்டுக் கட்டித் தந்தார். அப்படியிருந்தும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை நாவற்குடா வரை காலியாகவே வந்தது.

ஒக்டோபர் 12, செவ்வாய்

பட்டிருப்புப் பாலத்தடியில் பை சோதனை. சிப்பாய் திறந்தான், உடனே மூடினான், "யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கையை வீசினான். பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் இவ்வளவு சீக்கிரமாக அந்தப் பாலத்தைக் கடந்ததில்லை. இனிமேல் ஒவ்வொரு நாளும் கருவாட்டோடு போகலாமா?

ஒக்டோபர் 28, வியாழன்

நல்ல நாள். எழுதாமல் படுக்க மனமில்லை.

விதையை வேண்டுமென்றே நெருக்கமாகப் போடச் சொல்லியிருந்தேன். ஈக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. இன்று நாற்றை எண்ணிப் பார்த்தோம். நடுக்குருத்து காய்ந்து நின்றதெல்லாம் இழுத்தவுடன் கையோடு வந்தது, அடியில் அழுகல் மணம், உள்ளே வெள்ளைப் புழு. நூற்றுக்குப் பதினான்கு. சென்ற வருடம் இதே சேனையில் நாற்பதுக்கு மேல். பேணிகளில் ஈ குவிந்து கிடந்தது. அன்னம் ஒரு பேணியை மூக்கருகே கொண்டுபோய், "நாங்க கருவாடு தின்னாம ஈக்குக் குடுத்து வளக்கிறம் எண்டு நினைச்சன், இல்ல, வேலை செய்யுது" என்றாள். அவள் வாயிலிருந்து அது பொன்னாடை போர்த்திய மாதிரி.

காய்ந்ததையும் நெருக்கமாக நின்றதையும் பிடுங்கிக் கலைத்தோம். "பிடுங்கியதை இங்கே விடாதீர்கள், அப்புறப்படுத்திவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹோன் அடித்தது. ஓடி ஏறினேன். புத்தகத்தில் அந்தப் பக்கம் முடியவில்லை. அடுத்த பக்கத்தைச் செவ்வாய்க்கிழமை சொல்லலாம்.

ஒக்டோபர் 29, வெள்ளி

அன்னத்தின் பசு செத்துப்போச்சு.

ஒக்டோபர் 30, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் அன்னத்தின் புருசன் இராசதுரையண்ணன் சைக்கிளில் கந்தோருக்கு வந்தார். "மிஸ், ஒருக்கா வாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். வளவுக்குள், கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே கிடந்தது. வாயில் நுரை. கன்று மூன்று மாதம், சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் அரைவாசி தின்ற இறுங்கு நாற்று. நாங்கள் பிடுங்கியது.

அப்புறப்படுத்தச் சொன்னேன். அன்னம் அப்புறப்படுத்தினாள். மேட்டு நிலத்தில், வரம்பு வரம்பாக அலைந்து மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள். ஒரு கட்டுப் பச்சையை எறிவதற்கு அவர்களுக்கு என்ன பைத்தியமா? தலையில் சுமந்துகொண்டு போய்த் தன் பசுவுக்குப் போட்டாள். இளம் இறுங்கு மாட்டுக்கு நஞ்சு. அது அந்த அடுத்த பக்கத்தில் கட்டம் போட்டு இருந்தது. நான் அதை வாசித்திருக்கிறேன். போன வருடமே வாசித்திருக்கிறேன். பிறகு ஏன் சொல்லயில்ல? ஏன் அதை முதல் சொல்லயில்ல? பஸ்ஸா பெரிசு? ஐயோ, இன்னும் பத்து நிமிசம் நிண்டிருந்தா என்ன, நடந்து வந்திருந்தாத்தான் என்ன குறைஞ்சு போயிருப்பன்.

நூற்றுக்குப் பதினான்கு என்று சிரித்துக்கொண்டு வந்தேன். நான்தான் கொன்றேன்.

மற்றப் பத்து வீட்டுக்கும் ஓடினேன். தெய்வாதீனம், இரண்டு வீட்டில் கட்டு வாசலில் கிடந்தது, இன்னும் போடவில்லை. ஆச்சிப்பிள்ளை தன் ஆட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பசு அவள்ர கையாலதான் தின்னும், வேற ஆர் போட்டாலும் தின்னாது" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்னம் அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணி தந்தாள். குடித்தேன்.

நவம்பர் 2, செவ்வாய்

மாத அறிக்கை. கந்தோர்ப் பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் பெரியவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். "பீடை முகாமைத்துவ அறிக்கையில் மாட்டுக்கு என்ன வேலை? இதை மேலே அனுப்பினால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். பதினொரு பெண்களும் மறுபடி மருந்துப் போத்தலோடு நிற்பார்கள். அது நல்லமா?" என்றார்.

நல்லமில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் வசதியாகவும் இருந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: 'எதிர்பாராத பாதிப்புகள்'. அதில் 'இல்லை' என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு முழுப் பசுவை ஒரு சொல்லுக்குள் மறைத்தேன்.

நவம்பர் 9, செவ்வாய்

அறிக்கையின் பிரதி ஒன்றைக் குழுக் கொப்பியில் ஒட்டவேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஒட்டினேன். வாசிக்கமாட்டார்கள் என்று நினைத்தேனா? அன்னம் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பது எனக்குத் தெரியாததா?

கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்க வாசித்தாள். குருத்து ஈ, பேணி ஒன்றுக்கு இருபத்தேழு. பொறிவண்டு, பத்துச் செடிக்கு ஆறு. சிலந்தி, பத்துச் செடிக்கு நாலு. எதிர்பாராத பாதிப்புகள், இல்லை.

கொப்பியை மூடி என் மடியில் வைத்தாள். குரல் உயரவே இல்லை.

"ஈ, வண்டு, சிலந்தி எல்லாம் ஒண்டொண்டா எண்ணி எழுதியிரிக்கிறீங்க மிஸ். எங்கட பசுவை எந்தக் கட்டத்தில எழுதின நீங்க?"

பெரியவர் சொன்ன காரணத்தை நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே வெட்கமாய்ப் போய் நிறுத்திவிட்டேன்.

"செத்ததுக்கு நான் உங்களில கோவிக்கல்ல. நானுந்தான் கேக்காமப் போட்டன். நடக்கவே இல்ல எண்டு எழுதினீங்க பாருங்க. அதான்."

நவம்பர் 23, செவ்வாய்

அன்னம் வருகிறாள், எண்ணுகிறாள், எழுதுகிறாள், போகிறாள். என்னோடு பேச்சில்லை. "ரெண்டு பேரும் ஒரே வரம்பில மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிண்டா கௌபி எப்பிடிப் பூக்கும்" என்கிறார் ஆச்சிப்பிள்ளை. இடையில் போட்ட கௌபிப் பயறு நன்றாகத்தான் பூத்திருக்கிறது.

டிசம்பர் 14, செவ்வாய்

கதிர் தள்ளிவிட்டது. ஆளுயரம். காற்றடித்தால் சேனை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. எவ்வளவு வடிவு என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

கதிர் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டது. பால் பிடிக்கிற மணியில் ஊசி போட்டு உறிஞ்சும். நான்கு பேர் மருந்து அடிப்போம் என்று நின்றார்கள். ஒரு கதிருக்குப் பத்துப் பூச்சிக்கு மேல் வந்தால்தான் நட்டம், அதற்குக் கீழே சிலந்தியும் குருவியும் பார்த்துக்கொள்ளும், இப்போது அடித்தால் முதலில் சாவது சிலந்திதான் என்றேன். "போன முறையும் இப்பிடித்தான் சொன்ன நீங்க" என்றாள் ஒருத்தி. அதற்கு நான் என்ன சொல்ல?

அன்னம் கதிர்களுக்குள் இருந்து குரல் கொடுத்தாள். என்னைப் பார்த்தல்ல, அவர்களைப் பார்த்து. "எண்ணிப் பாத்தன். நாலு, அஞ்சுதான் இரிக்கி. பொறுங்க. செவ்வாய்க்குச் செவ்வாய் எண்ணுவம். பத்தைத் தாண்டினா நானே மருந்துத் தாங்கியைத் தூக்குவன்."

எனக்காகச் சொல்லவில்லை, பயிருக்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கருவாட்டு மணம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

டிசம்பர் 24, வெள்ளி

குருவிகள் குந்துவதற்கு இருபது தடி நட்டோம். பூச்சி ஏழு. அவசரமாக எழுதுகிறேன், மழை வருகிறது.

டிசம்பர் 31, வெள்ளி

வெல்லாவெளி. அன்னத்தின் வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். வீடு இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒன்பது பேர் இல்லை. அவர்கள் பெயர்களை எழுதலாம் என்று பார்த்தேன், முதலாவது பெயரிலேயே கை நின்றுவிட்டது. அம்மாவை ஆரோ ஒருவர் சைக்கிளில் ஏற்றிப் பெருந்தெருப் பக்கம் கொண்டுபோனார். அந்த மனிதரை மறுபடி காணவில்லை. அவர் பெயரும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாசலில் லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி ஒன்று வந்து நின்றது. இராசதுரையண்ணன் ஓட்டி வந்திருந்தார், பின்னால் அன்னம் நின்றாள். காலையிலிருந்து மூன்று முகாம் பார்த்து இது நான்காவதாம். என்னைக் கண்டதும் அவள் ஓடி வரவில்லை, அழவில்லை. ஏழு கிழமைப் பேச்சில்லாமைக்குப் பிறகு ஒரே ஒரு சொல்.

"ஏறுங்க."

அம்மாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தைக் கடக்கும்போது, மற்றப் பக்கம் பார்த்தபடி, என் கையை எட்டிப் பிடித்தாள். அவள் கைக்காய்ப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. அந்தக் கையை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த நாட்குறிப்புக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். வெள்ளிக்கிழமை மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் அள்ளியபோது எண்ணிக்கைக் கொப்பிகளோடு இதையும் குழுப் பெட்டிக்குள் போட்டுவிட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இதுவும் கடலோடு போயிருக்கும்.

"வாசிச்சன் மிஸ். எண்ணிக்கைக் கொப்பி எண்டு திறந்தன். மறுகா மூட ஏலாமப் போச்சு."

எனக்குத் தரை பிளந்தது. கண்டதையும் எழுதி வைத்திருக்கிறேனே.

"என்ர வாய் வேப்பங்கொட்டையாம்."

"அன்னம்..."

"அது உண்மைதானே. விடுங்க." என் கையிலிருந்த கொப்பியைப் புரட்டினாள். "பசுவையும் எழுதியிரிக்கிறீங்க. ரெண்டு பக்கம். வாசிச்சு அழுத நான். ஆனா மிஸ், உங்களுக்கெண்டு எழுதி வச்சா ஆருக்குப் பிரயோசனம்? அடுத்த ஊர்ல ஒருத்தி இதைப் பாத்தா மாட்டைக் காப்பாத்தப் போறா?"

அம்மா உள்ளே இருந்து, பொழுது பட்டுப்போச்சு, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டா. தன் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டா.

2005 ஜனவரி 4, செவ்வாய்

கடல் அடித்தாலும் நாவாய்ப்பூச்சிக்கு லீவு இல்லை. சேனைக்குப் போனோம்.

போன கிழமை எண்ணிக்கைத் தாளைப் புரட்டினேன். டிசம்பர் 28. எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தது. குறுக்கே அன்னத்தின் கையெழுத்து:

'எண்ணவில்லை. மிஸ்ஸைத் தேடிப் போனோம்.'

இன்று பூச்சி ஒன்பது. பத்தைத் தொட இன்னும் ஒன்று. மருந்துத் தாங்கியைக் கழுவி வை என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். கௌபிப் பக்கத்துக் கதிர்களில் சிலந்தி வலை நிறைய இருந்தது. ஒரு கிழமை பொறுப்போம் என்றேன். அன்னம் தாளில் ஒன்பது என்று எழுதி, அடியில் கோடிட்டு, "பொறுப்பம்" என்றாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

ஜனவரி 11, செவ்வாய்

மூன்று!

பெப்ரவரி 3, வியாழன்

கதிர் வெட்டு முடிந்தது. தெற்குப் பக்கத்து இரண்டு வரிசை கிளிக்குப் போயிற்று, மிச்சமெல்லாம் எங்களுக்கு. பதினொரு துண்டிலும் ஒரு போத்தல் மருந்து திறக்கவில்லை. தாங்கிக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. இறுங்கு மாவில் ஆச்சிப்பிள்ளை பிட்டு அவித்தார். நாவற்குடாவில் இறுங்கு ஏழைச் சாப்பாடு என்று மூக்கைச் சுளிக்கிற அம்மா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டா. சிரிக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அம்மாதான். கடலுக்குப் பிறகு முதல் தரம்.

மார்ச் 11, வெள்ளி

பெரும்போகத்து அறிக்கை எழுதினேன். கடைசிக் கட்டத்தில்: 'கலைத்த இளம் நாற்றைத் தின்று குழுத் தலைவியின் பசு இறந்தது. எச்சரிக்கை செய்யத் தவறியது அடியில் கையொப்பமிடும் போதனாசிரியர்.'

பெரியவர் வாசித்தார், திருப்பித் தந்தார். "வேறு எழுதிக்கொண்டு வாருங்கள்." வேறு எழுதவில்லை. அதையே மறுபடி வைத்தேன். மூன்றாம் தரம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அது அங்கேதான் கிடக்கும். மேலே போகாது.

அன்னத்திடம் சொன்னேன். "அலுமாரிக்குள்ள இரிந்தாலும், எழுதினதுதானே" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். முகம் தேறவில்லை, அவளுடையதும்.

2007 மார்ச் 14, புதன்

சண்டைக்குத் தப்பி, வெல்லாவெளி இருக்கிற படுவான்கரைச் சனம் முழுவதும் பாலத்தால் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஷெல் சத்தம் இங்கே நாவற்குடாவுக்கும் கேட்கிறது. நான்கு முகாம் தேடி, ஐந்தாவதில் அன்னத்தைக் கண்டேன். கூடாரத்துக்குள் இராசதுரையண்ணனும் இரண்டு சட்டியும் ஒரு பையும். பைக்குள் விதை இறுங்கு.

எங்கள் வீட்டுக்கு வா, அறை ஒன்று கட்டி முடிந்துவிட்டது என்றேன். "பத்துப் பேரையும் விட்டிட்டு நான் மட்டும் எப்பிடி வாற மிஸ்" என்றாள். பத்துப் பேரையும் கூப்பிடுகிற வீடு என்னிடம் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் வருகிறேன். அம்மா சோறு கட்டித் தருகிறா, கொஞ்சம் கூடவே கட்டுகிறா.

2007 ஜூலை 9, திங்கள்

திரும்பிப் போய்விட்டார்கள். சேனையில் கால் வைக்க முதல் கண்ணிவெடி பார்க்கவேண்டுமாம். ஆச்சிப்பிள்ளை முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார். அட்டமி நவமி சொல்ல இனி ஆள் இல்லை.

2009 மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்தது என்கிறது வானொலி. சந்தியில் பட்டாசு. வன்னிச் சண்டைக்குள் சொந்தக்காரர் அகப்பட்ட வீடுகள் வெல்லாவெளியில் பல. கந்தோரில் இருக்க முடியாமல் பஸ் ஏறினேன்.

அன்னம் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நானும் இருந்து பிடுங்கினேன். இருட்டுகிற வரைக்கும் இரண்டு வரிசை முடித்தோம்.

செப்டெம்பர் 29, செவ்வாய்

கந்தோருக்குப் புதுப் பெரியவர், ஒரு அம்மா. மீள்குடியேறிய ஊர்களுக்கு இறுங்கு விதை கொடுக்கிறார்கள், துண்டுப்பிரசுரத்தை நானே எழுதட்டாம். எழுதினேன். ஒரே நாளில் விதைப்பு, நெருக்க விதைப்பு, கருவாட்டுப் பேணி, எண்ணிக்கை, எல்லாம் இருக்கிறது. அடியில் ஒரு வரி: 'கலைத்த இளம் நாற்றை ஆடு மாடுகளுக்குக் கொடுக்கவேண்டாம்.' ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சடித்துவிட்டார்கள். இருநூறு பிரதி. ஐந்து வருடம் கழித்து, அச்சில்.

தலைகால் தெரியாமல் வெல்லாவெளிக்குக் கொண்டு ஓடினேன். அன்னம் கண்ணாடி போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். இப்போது கண்ணாடி போடுகிறாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்ன, பிழையா?"

"பிழையில்ல மிஸ். ஆனா இதை ஆர் கேப்பா? 'கொடுக்கவேண்டாம்' எண்டு கந்தோர்க்காரர் எத்தினையோ எழுதுவாங்க. நானெண்டாலும், ஒரு பிடிக்கு என்ன வரப்போகுது எண்டு போட்டிருப்பன்."

"வேறு எப்படி எழுத?"

பிரசுரக் கட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.

ஒக்டோபர் 4, ஞாயிறு

போனேன். மேசையில் இருநூறும் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த அச்சு வரிக்குக் கீழே, நீல மையில், அவளுடைய குண்டுக் கையெழுத்து:

'2004இல் எங்கட பசு இதைத் தின்று செத்தது. போட்டது நான். க. அன்னப்பூரணி, வெல்லாவெளி.'

இருநூறு தடவை எழுதியிருக்கிறாள். நாலு நாள் எடுத்ததாம். இராசதுரையண்ணன் சமைத்தாராம், அதைப் பற்றி மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

அதற்கும் கீழே இன்னொரு வரி பாதியில் நின்றது. 'சொல்ல மறந்தது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வெறுங் கோடு.

"இது?"

"உங்கட பேருக்கு விட்டது" என்றாள். "விருப்பமெண்டா."

கந்தோர் முத்திரை பதித்த தாள். புதுப் பெரியவர் கேட்டால் என்ன சொல்லுவது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சி. பவளராணி, விவசாயப் போதனாசிரியர். சி. பவளராணி, விவசாயப் போதனாசிரியர். நூற்றைம்பதுக்குக் கிட்ட என் பேனை மை தீர்ந்துபோனது. அன்னம் தன்னுடையதை நீட்டினாள். நான் எழுதி எழுதித் தள்ள, அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் பெயரை வாசித்துப் பார்த்து அடுக்கினாள்.